நீ அவளுக்கு என்ன வேணும்?

பிரசவ வார்டு வாசலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?"

"ஃபிரெண்டு" என்றேன்.

"ஃபிரெண்டெல்லாம் உள்ள விட முடியாது. அவங்க அம்மாவ வரச் சொல்லு. இல்லன்னா மாமியார வரச் சொல்லு."

அம்மா வரமாட்டார். பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால், என் தோழி காலனிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவர் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

"சித்தி பொண்ணு" என்று பொய் சொன்னேன். "உனக்குப் பிரசவம் ஆயிருக்கா?" என்பது இரண்டாவது கேள்வி. இல்லை என்றேன். மூன்றாவது கேள்வி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிய கேள்வி. "ரிஷிவந்தியம் பக்கம்னா... ஊரா, காலனியா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உள்ளே அவள் அலறிய சத்தம் கேட்டுத்தான் வழிவிட்டார்கள்.

அன்று பதினோரு மணி நேரம் அவளோடு இருந்தேன். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இடுப்பைப் பிடித்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்து நடக்க வைத்தேன். வலி வர ஊசி போடப் போகிறோம் என்று சொன்னபோது அது எதற்கு என்று கேட்டு அவளுக்கு விளக்கினேன். "படுக்கும்போது தெரியலையா, இப்ப எதுக்குக் கத்துற?" என்று ஒரு குரல் வந்தபோது, அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதாலேயே அந்தக் குரல் அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அப்படித் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. அவளைப் பார்த்து அந்தக் குரல் அடங்கவே இல்லை.

அந்த வார்டின் நர்சுகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. அன்று இரவு இரண்டே நர்சுகள் அத்தனை கட்டில்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் பக்கத்தில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது. அது அவர்களுடைய வேலையும் அல்ல. அப்படியானால் அது யாருடைய வேலை? அந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது? அரசு தன்னுடைய மருத்துவக் காப்பீட்டிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

அன்று நான் அரைகுறையாகச் செய்த வேலைக்கு உலகம் முழுக்க இன்று ஒரு பெயர் இருக்கிறது: டூலா. பிரசவம் பார்ப்பவர் அல்ல, பிரசவத்தில் கூட இருப்பவர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் வசதியுள்ளவர்கள் தனியாகப் பணம் கொடுத்து டூலாக்களை வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சொல் பழைய கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் அடிமைப் பெண். இன்று கௌரவமான ஒரு சேவைக்குப் பெயராகிவிட்ட சொல்லுக்குள்ளேயே, இந்த வேலையைக் காலம்காலமாக யார் தலையில் கட்டினார்கள் என்பது எழுதியிருக்கிறது.

எனக்கு அதைத் தெரிந்துகொள்ளக் கிரேக்கம் தேவைப்படவில்லை. என் ஆயா மருத்துவச்சி.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் நோவு எடுத்தாலும் நடு ராத்திரியில் ஆள் வந்து ஆயாவைத்தான் கூப்பிடும். முடிவெட்டும் சாதியில் பிறந்த பெண் என்பதுதான் அவருக்கு அந்த வேலை வந்த வழி. அவர் எந்த வீட்டிலும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை எடுத்துக்கொண்டு போய்ப் புதைக்க வேண்டும். தீட்டுத் துணியைத் துவைக்க வேண்டும். அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். ரிஷிவந்தியம் கோயிலின் சாமி அர்த்தநாரீசுவரர். பாதி உடம்பு பெண்ணான சாமியைக் கருவறையில் வைத்துத் தேனாபிஷேகம் செய்கிற ஊரில், கருவறையிலிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தவளுக்குக் கொல்லைப்புறம்தான் வழி.

கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் போய் நிற்க வேண்டும். அள்ளிப் போடுவது நெல். ஒரு பழைய புடவை. ஆண் பிள்ளையென்றால் கொஞ்சம் கூடுதல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஆயா காலனிக்குப் போனதில்லை. ஊர் அவரைப் போகவிடாது. அவரும் போக நினைத்ததில்லை. காலனிப் பெண்களுக்குக் காலனியிலேயே பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த நெல்லும் இல்லை. அடுக்குச் சாதி முறையில் ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி உண்டு என்பதை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல, ஆயாவின் கால் எந்தத் தெருவோடு நின்றது என்பதில்தான்.

ஆகவே "நம் பாரம்பரிய மருத்துவச்சிகளை மீட்போம்" என்று யாராவது உருகினால் எனக்குக் கூசுகிறது. அந்தப் பாரம்பரியம் வேண்டாம். தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இது நாம் போராடிப் பெற்றது. இதில் ஓர் அங்குலமும் பின்வாங்கக் கூடாது. ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்தபோது ஆயாவின் இரண்டு வேலைகளில் ஒன்று மட்டும்தான் கூட வந்தது. பிரசவம் பார்க்கிற வேலை டாக்டருக்கும் நர்சுக்கும் போனது, சம்பளத்தோடு. கூட உட்கார்ந்திருக்கிற வேலை எங்கேயும் போகவில்லை. அது கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதேதான் நடந்தது. அங்கே கறுப்பின மூதாட்டிகள்தான் கறுப்பினப் பெண்களுக்கும் பல இடங்களில் வெள்ளை ஏழைகளுக்கும் பிரசவம் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் சட்டமும் மருத்துவத் துறையும் சேர்ந்து அவர்களைப் படிப்படியாக வெளியேற்றின. இன்று அங்கே பிரசவத்தை ஒட்டி இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த அநீதிக்கு எதிரான கறுப்பினப் பெண்களின் இயக்கம் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்றுதான், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் டூலா சேவையைச் சேர்ப்பது. ஓரிகான், மின்னசோட்டா மாநிலங்கள் முன்னால் சென்றன. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஓரிகானில் தொடக்கத்தில் ஒரு பிரசவத்துக்குக் கொடுத்த தொகை 75 டாலர். ராத்திரி பகலாகக் கூட இருக்கிற வேலைக்கு அது கூலியே அல்ல என்பதால், பின்னர் அதைப் பல மடங்கு உயர்த்த வேண்டியிருந்தது. இந்த 75 டாலர் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நம் மாநிலம் இதில் ஒன்றும் தெரியாத மாநிலம் அல்ல. அரசு மருத்துவ நிலையங்களில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-இலேயே கொண்டுவந்தது. ஒன்றிய அரசு 2016-இல்தான் இதை நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒரு துணை இருக்க வேண்டும் என்கிறது. நாம் உலகத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியிருக்கிறோம். பெருமைதான்.

ஆனால் அந்த "அவள் விரும்பும்" என்ற சொல் நம் வார்டு வாசலுக்கு வரும்போது "அவள் சொந்தம்" என்று மாறிவிடுகிறது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலே பெண் உறவினர், அதுவும் முன்பு பிரசவ அனுபவம் உள்ளவர் என்றுதான் பேசுகிறது; தனிமறைவு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது. துணைக்கு ஆள் கொண்டுவருவது குடும்பத்தின் பொறுப்பு. குடும்பம் என்ன என்பதைத் தீர்மானிப்பது எது? இந்த நாட்டில் அது சாதி. சாதியை மீறியவளுக்கு வளைகாப்பு கிடையாது, தாய்வீட்டுப் பிரசவம் கிடையாது, வார்டுக்குள் வர அம்மாவும் கிடையாது. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு அரசு உதவித்தொகையும் தங்கமும் தருகிறது. அதே அரசின் மருத்துவமனை வாசலில், அவர்களைக் கைவிட்ட அம்மாவைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.

சாதி மறுப்புத் திருமணம் செய்தவள் மட்டுமல்ல. எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் குடும்பங்களில், துணைக்கு வருகிற அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் கூலி போகும். மூன்று நாள் வார்டில் இருந்தால் மூன்று நாள் உலை கொதிக்காது. கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளின் சில ஊர்களிலிருந்து இன்றும் சாலைக்கு வரவே நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்து விசாரித்தது. அந்த மலையிலிருந்து ஒரு பெண் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ அனுப்பப்படும்போது, அவளோடு ஆம்புலன்சில் ஏறுகிறவர் யார்? கணவர் கேரளத்திலோ கர்நாடகத்திலோ தோட்ட வேலையில் இருப்பார். வீட்டில் மற்ற பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கினால் அவள் பேச்சையும் பழக்கத்தையும் கேலி செய்கிற வார்டு. மலையில் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல.

இப்போது காப்பீட்டுக்கு வருகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இன்றைய பெயருக்கு வந்து, ஆட்சிகள் மாறியும் நிற்கிற திட்டம். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு அறுவைக்கும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை என்று பட்டியல் இருக்கும். செய்ததற்குக் காசு. காத்திருந்ததற்குக் காசு கிடையாது. பிரசவமோ பெரும்பாலும் காத்திருப்பது.

காத்திருக்க ஆள் இல்லாத இடத்தில் கத்தி வருகிறது. அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் பெண்களில் பாதிக்குப் பாதி பேருக்கு அது தேவைப்படும் அளவுக்கு நம் பெண்களின் உடம்பு ஒன்றும் பழுதாகிவிடவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தனியாக விடப்பட்ட பெண்ணின் பயமும் அவற்றில் ஒன்று. 2017-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் தொடர்ந்து கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது என்பது அதன் முடிவு. ஒரு மாத்திரை இதைச் செய்யும் என்றால் நாளைக்கே அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கும். இதைச் செய்வது ஒரு பெண்ணின் உழைப்பு என்பதால் அதை இலவசமாக எதிர்பார்க்கிறோம்.

பிரசவச் செலவு குடும்பத்தின் தலைவிதி அல்ல, பொதுப் பொறுப்பு என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்க்கர் அறிக்கை வந்தது. பின்னாளில் 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டமாகி, அதில் மகப்பேறு உதவியும் இடம்பெற்றது. இந்தியாவில் பொதுக் காப்பீடு என்ற கருத்து தொடங்கும்போதே பிள்ளைபெறும் உழைக்கும் பெண் அதற்குள் இருந்தாள். ஆலைக்குள் வேலை செய்கிறவளுக்குக் கிடைத்தது, ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவளுக்குக் கிடைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் தோழர்களிடமிருந்து இரண்டு எதிர்ப்புகள் வரும். இரண்டும் நியாயமானவை.

ஒன்று: காப்பீடு என்பதே அரசுப் பணத்தைத் தனியாருக்குக் கொட்டுகிற வழி; அதை ஏன் விரிக்க வேண்டும்? ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்தத் தொகை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்கிறேன். இப்போதே அரசு மருத்துவமனைகள் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைகளுக்குப் பணம் பெறுகின்றன; அதில் ஒரு பகுதி மருத்துவமனை மேம்பாட்டுக்கும் ஒரு பகுதி ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் போகிறது. அந்தப் பட்டியலில் "பிரசவத் துணை" என்று ஒரு வரி சேர்ந்தால், அந்த வேலைக்கென்று ஆண்டுதோறும் வருகிற, வேறெதற்கும் திருப்பிவிட முடியாத பணம் ஒன்று உருவாகும். பட்டியலில் இல்லாத உழைப்பு பட்ஜெட்டில் ஒருபோதும் வராது.

இரண்டு: இது இன்னொரு ஆஷாவை, இன்னொரு ஒப்பந்த ஆயாவை உருவாக்காதா? பழைய மருத்துவச்சி வேலைக்குப் புதுச் சீருடை போட்டு, அதே சாதிப் பெண்களை அனுப்பிவிட மாட்டார்களா? என்னை அதிகம் பயமுறுத்துவது இந்தக் கேள்விதான். 75 டாலர் கதையும் இதுதான். வேலையை அங்கீகரித்துவிட்டுக் கூலியில் அவமதிப்பது புதிய களத்துமேடு. ஆகவே காப்பீட்டில் சேர்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதுதான் போராட்டம்.

பணி நியமனம் மாதச் சம்பளத்தில் இருக்க வேண்டும். பிரசவ எண்ணிக்கைக்கு ஏற்ற ஊக்கத்தொகையில் அல்ல. பயிற்சியும் சான்றிதழும் அரசுடையதாக, நியமனம் இடஒதுக்கீட்டு முறைப்படி எல்லாச் சாதிப் பெண்களுக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். பிறப்பால் வந்த வேலை பிறப்போடு அறுபட வேண்டும் என்றால் ஐயர் வீட்டுப் பெண்ணும் கவுண்டர் வீட்டுப் பெண்ணும் காலனிப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிடும் நாள் வர வேண்டும். வார்டைக் கூட்டுவது, ரத்தம் துடைப்பது, கட்டில் தள்ளுவது என்று மற்ற வேலைகளை இவர்கள் மீது ஏற்றக் கூடாது. அந்த வேலைகளுக்கும் உரிய சம்பளத்தோடு தனி ஆள் வேண்டும். கல்வராயன் மலைக்கு மலையாளிப் பெண்களையே நியமித்து, மேலிருந்து கீழே வரை நோயாளியோடு பயணிக்கும் உரிமை தர வேண்டும். தன் சொந்த ஆளையே துணையாக வைத்துக்கொள்ள ஒரு பெண் விரும்பினால், அந்த ஆளுக்கு இழந்த நாட்கூலியைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துணைக்கு வருகிறவரிடம் உறவு கேட்கக் கூடாது. "நான் கூப்பிட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னால் போதும்.

இதெல்லாம் பெரிய செலவு என்பார்கள். ஆயாவும் அவரைப் போன்ற பெண்களும் பல நூறு ஆண்டுகள் இலவசமாகச் செய்ததால்தான் இன்று இது புதிய செலவாகத் தெரிகிறது.

என் தோழிக்கு இப்போது இரண்டாவது மாசம் முடிந்து மூன்றாவது நடக்கிறது. மூத்தவளுக்கு நான்கு வயது. போன வாரம் போனில் பேசும்போது, "இந்த வாட்டியும் நீ வந்துருவல்ல?" என்று கேட்டாள். அவளுக்கு நாள் குறித்திருக்கிற மாதத்தில்தான் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருப்பதோ ஓர் இரவுப் பயணத் தூரத்தில். வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அப்படிச் சொல்லக்கூட யாரும் இருக்கமாட்டார்கள்.